கெட்டிப்படாத உருளை

உருளையில் நகம் பதிந்தது. பதிந்திருக்கக் கூடாது.

பழைய தட்டச்சு இயந்திரங்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்க்கும் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. தாள் சுற்றிக்கொள்ளும் அந்தக் கறுப்பு ரப்பர் உருளை, வயதாக ஆகக் கல்லாகிவிடும். அதனால் எந்த இயந்திரம் வீட்டுக்கு வந்தாலும் அவள் முதலில் கட்டைவிரல் நகத்தை உருளையில் ஊன்றிப் பார்ப்பாள். நகம் வழுக்கும். உச்சுக்கொட்டிவிட்டு உருளையைக் கழற்றிப் புது ரப்பர் ஏற்றக் கொடுப்பாள். இத்தனை வருடத்தில் ஒன்றில்கூட நகம் இறங்கியதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட இந்தத் தமிழ் இயந்திரத்தில் இறங்கியது. விரலை எடுத்ததும் பிறைபோல ஒரு தடம் வெளுத்து நின்றது. பிறகு லேசாகச் சிவந்தது. கறுப்பு ரப்பர் எங்கேயாவது சிவக்குமா? விளக்கு வெளிச்சம் ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் மறைந்துவிட்டது.

விற்றவன் உருளையைச் சுற்றி ஒரு பழைய துணியைக் கட்டியிருந்தான். "அத அவுக்காம வச்சுக்கச் சொன்னாங்க அந்த வீட்டுக்காரங்க. தூசிக்காக இருக்கும்," என்றான். அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். வேறு யாராவது என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவளுக்கோ வாயெல்லாம் பல். உருளை மாற்ற வேண்டாம், அசல் ரப்பர், அதுவும் இறுகாமல் வெடிக்காமல்! இந்தச் சந்தோஷம் இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்துக்கு மட்டுமே புரியும், இந்தத் தவறையும் இவர்கள் மட்டும்தான் செய்வார்கள். அந்த உருளையை அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் வேலை பல்செட் செய்யும் கூடத்தில். மெழுகில் பல் நடுவது, ஈறு வார்ப்பது, அரத்தால் ராவி மெருகேற்றுவது. அங்கே அவளுக்கு 'அரம்' என்றே பெயர். ராவுவதில் கெட்டிக்காரி என்பதற்காக வைத்த பெயர் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் நாக்குக்காக வைத்தது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த நாக்கு கூடத்தோடு சரி. வீட்டுப் படி ஏறினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பெண்ணாகிவிடுவாள். முப்பது வருடமாக அப்படித்தான்.

வீட்டில் இரண்டு அறை. முன்னறையில் கணவர், பின்னறையில் இயந்திரங்கள். நடுவில் ஒற்றைக்கல் சுவர். முன்னறையில் தைல வாடையும் மூத்திரப் பாட்டில் வாடையும், பின்னறையில் மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும். போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போனது, ஆனால் முழுக்கப் போகவில்லை. தண்ணீர், பசி, மகளின் பெயர் எல்லாம் குழறலாகிவிட, வசவு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக மிஞ்சியிருந்தது. மூளையில் வசவுக்குத் தனி இடம் உண்டாம், டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு என்ன, சிரிப்பார். காலையில் முகம் துடைக்கப் போனால், "தண்டம்." மருந்து கொடுத்தால், "தண்டம்." மலம் அள்ளிக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், தெளிவாக, நிதானமாக, "தண்டம்."

அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதை ஒரு பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிந்தவர். "நான் என் பொண்டாட்டிய தொட்டு அடிச்சதே இல்ல," என்று நாலு பேர் நடுவில் சொல்வார். வாயால்தான் அடித்தார். ஒருமுறை வாயில்லாமலும் அடித்தார். அவள் கர்ப்பப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அதுவரை அவள் சேர்த்துச் சேர்த்துப் பழுதுபார்த்து வைத்திருந்த அத்தனை இயந்திரங்களையும் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்காக வாங்கி வந்த ஆரஞ்சை உரித்துத் தானே தின்றுகொண்டு, "வீடு இப்பதான் வீடு மாதிரி இருக்கு," என்றார். தையல் போட்ட வயிறு. அழக்கூட முடியவில்லை. அழுதால் வலிக்கும்.

அந்தக் கோபம் அவளுக்குள் ஆறவே இல்லை. ஆற வேண்டும் என்று எவர் சொன்னாலும் அவர் வாயில் மண்.

சரி, இயந்திரம். இரண்டு வாரம் அதோடு போராடினாள். பிசுக்கெல்லாம் கரைத்து, துருவைத் தேய்த்து, எழுத்துகளின் வயிற்றில் அடைத்திருந்த மையைப் பல் சுத்தம் செய்யும் ஊசியால் ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தாள். புது ரிப்பன் போட்டு, எல்லாரும் செய்வதுபோல எல்லா எழுத்தையும் வரிசையாக ஒருமுறை அடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. 'ழ'வின் வால் மட்டும் எப்போதோ எதிலோ இடித்து நுனி உடைந்திருந்தது. ஒரு எழுத்துதானே, போகட்டும் என்று விட்டாள். சத்தம்தான் விசித்திரமாக இருந்தது. டக் டக் என்ற சத்தமே இல்லை. ஈரத் துணியை அறைகிற மாதிரி, அடக்கமாக, தொப், தொப்.

அன்று சாயங்காலம் அவர் தட்டைத் தள்ளிவிட்டார். தவறிப் போய் அல்ல. இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கட்டிலுக்கு வெளியே சாய்த்தார். பிறகு சொன்னார். எதைச் சொன்னார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் தரையைத் துடைத்தாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். புதிதாக வந்த இயந்திரத்தில் ஒரு தாளைச் சொருகி அடித்தாள்: *என் வாழ்க்கையைப் பாழாக்கிய பாழும் மனுஷனே.*

தொப், தொப், தொப். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ முனகினார். முனகட்டும் என்று விட்டுவிட்டாள். மனம் லேசாகிவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

மறுநாள் காலை பிசியோ வந்தார். நல்ல மனிதர், எப்போதும் சிரித்த முகம், கைகால் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுப்பவர். கணவரின் சட்டையைக் கழற்றியவர் நின்றுவிட்டார்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க. இது என்னது?"

மார்பின் குறுக்கே, அசையாத தோளில் தொடங்கி அசையும் தோள்வரை, ஒரே நேர்கோட்டில் சின்னச் சின்னச் சிவந்த தடிப்புகள்.

"கொசு கடிச்சிருக்கும்."

"கொசு இப்படி வரிசையிலயா கடிக்கும்?" பிசியோ அவள் கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. படுக்கையில இருக்கறவங்களப் பாத்துக்கறது லேசில்ல. கோவம் வரும். ஆனா எதையாவது வச்சுக் குத்துறது, கிள்ளுறது..."

"என்ன சொன்னீங்க?"

"இன்னொரு தடவ பாத்தேன்னா உங்க பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியிருக்கும். அவ்ளோதான்."

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. முப்பது வருடம் இந்த வீட்டில் யார் யாரைக் குத்தினார்கள் என்று எவன் வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தான்? மகளிடம் சொல்வானாம்! வெளியூரில் இருக்கும் அந்த ஒருத்திதான் வாரம் ஒருமுறை போன் செய்து "எப்படிம்மா இருக்கே" என்று கேட்கிற ஒரே ஜீவன். அவளும் இதை நம்பிவிட்டால் பிறகு யார் இருக்கிறார்கள்?

பிசியோ போனதும், கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். விளக்கைக் கட்டிலுக்கு இழுத்தாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மார்புக்கு மேல் குனிந்தாள்.

தடிப்பு இல்லை. எழுத்து.

நுணுக்கமாக, சிவப்பாக, தாளில் விழுவதைப்போல நேராக. ஒன்றன்மேல் ஒன்று வீங்கிக் குழம்பியிருந்தாலும் ஒரு எழுத்து தனியாகத் தெரிந்தது. 'ழ'. வால் நுனி உடைந்த 'ழ'. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் வால் இல்லை.

அவள் பின்வாங்கினாள். நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பின்னறைக்குப் போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். உருளையைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது. விரலை ஓட்டினாள், ஒரு பக்கமாக ஓட்டினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கமாக ஓட்டினால் சொரசொரப்பு, சவரம் செய்த மறுநாள் கன்னத்தைப்போல. கையை உதறினாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்த அன்று ஒன்றும் ஆகவில்லை. அன்று அவள் மனதில் யாரும் இல்லை.

பரிசோதிக்க வேண்டும். அதில் என்ன தப்பு? கதவைத் திறந்தே வைத்தாள். அவர் முகம் தெரிகிற மாதிரி மேசையைத் திருப்பினாள். ஆரஞ்சை நினைத்தாள். தோல் உரியும் அந்த வாசனையை, சுளையை மெல்லும் அந்தத் தாடையை. முதலில் புள்ளியை அடித்தாள். புள்ளிக்கு இயந்திரம் நகராது, எழுத்து வந்து அதன்கீழ் உட்காரட்டும் என்று அதே இடத்தில் காத்திருக்கும். அவர் உடம்பு ஒரு துளி துள்ளியது, ஊசி பட்ட மாதிரி. கண் திறந்தது.

எழுத்தை அடித்தாள்.

"ஆ!"

காத்திருந்தாள். இன்னொன்று.

"ஆ!"

அங்கேயே எழுந்துபோயிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். போகவில்லை. முப்பது வருடத்தில் அவள் சொன்ன எதுவும் அந்த மனிதர்மேல் பட்டதில்லை. இப்போது பட்டது. ஒவ்வொரு எழுத்தாகப் பட்டது. மணி அடிக்கும்வரை, வரி முடியும்வரை அடித்தாள்.

முடிந்தபின்தான் குனிந்து பார்த்தாள். உருளை முழுக்க ஈரம். தாள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்பு வாடை. வியர்வை.

உருளையை அறுத்தெறிந்துவிடலாம் என்று கத்தியை எடுத்தாள். அலகு ரப்பரைத் தொடுவதற்குள், உருளை முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்துக்கொண்டது. புல்லரித்த தோல். அவள் கத்தியைக் கீழே போட்டாள். சரி, இயந்திரத்தையே தூக்கி இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. அது அவர் செய்கிற வேலை. அவள் செய்ய மாட்டாள். உறை போட்டு மூடினாள். இனித் தொடுவதில்லை என்று தீர்மானித்தாள்.

மறுநாள் மருந்து கொடுக்கப் போனாள். "தண்டம்," என்றார் அவர்.

தீர்மானம் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு வசவுக்கு ஓர் எழுத்து. கூடினால் இரண்டு. பிசியோவின் கண்ணில் படாமலிருக்கவும் வழி கண்டுபிடித்தாள். பழுதுபார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? உருளையைத் தாங்கி இடவலமாக நகரும் கேரேஜை எங்கே நிறுத்துகிறோமோ, உடம்பின் அகலத்தில் அடி அங்கே விழும். பக்கவாட்டுத் திருகைத் திருகித் தாளை மேலே ஏற்றினால், அடுத்த வரி உடம்பில் கீழே இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வயிற்றுக்கும் கீழே, டவல் மறைக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். திருகைப் பின்னால் திருப்பினால் வரி மேலே போகும். அதை அவள் செய்ததில்லை. கழுத்துக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். தான் அவ்வளவு மோசமில்லை என்று அதில் ஒரு நிம்மதி.

அவர் திட்டுவதை நிறுத்தினார்.

வீடு அமைதியாயிற்று. அவள் எதிர்பார்த்த அமைதி அல்ல. பின்னறையில் அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே முன்னறையில் மூச்சு நிற்கும். கேரேஜைத் தள்ளும் சத்தம், திருகின் கிளிக், அத்தனையையும் அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். கண் இமைக்காமல், தலையைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு. சிலசமயம் அவள் எட்டிப் பார்ப்பாள். போர்வைமேல் அவருடைய இடது ஆள்காட்டி விரல் எழும், இறங்கும். எழும், இறங்கும். நரம்பு இழுப்பு என்று நினைத்தாள். அந்த விரல் இறங்குகிற இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"அக்கா, உங்களத்தான் பாராட்டணும்," என்றார் பிசியோ ஒருநாள். "அண்ணே முன்ன மாதிரி இல்ல. மூஞ்சில ஒரு ஆர்வம் தெரியுது. இடது கைக்கு என்ன பலம் வந்திருக்கு தெரியுமா? அன்னிக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல," என்றாள் அவள். உள்ளே எரிந்தது. பாராட்டாம்.

சனிக்கிழமை கூடத்தில் அரைநாள். வெயில் தாழாத மதியம். வீட்டு வாசலில் பிசியோவின் செருப்பு கிடந்தது. வழக்கமாக அவர் வருவது காலையில். கதவைத் திறந்தாள். தைல வாடையோடு மண்ணெண்ணெய் வாடையும் முன்னறையில் வந்தது. மண்ணெண்ணெய் முன்னறைக்கு எப்படி வரும்?

கணவர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் சாப்பாட்டு மேசை. அதன்மேல் அந்த இயந்திரம், பிசியோ சொருகிய புதுத் தாளோடு, முதல் வரியில். உறை தரையில்.

"அக்கா! சரியான நேரத்துக்கு வந்தீங்க," பிசியோவின் முகம் மலர்ந்திருந்தது. "அண்ணனே கேட்டாரு அக்கா! உள்ள கைய நீட்டி நீட்டிக் காட்டி ஒரே பிடிவாதம். ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வந்தேன், இது வேணாம், அது வேணாம், இதான் வேணும்னு தட்டிக் காட்டறாரு. விரலுக்கு இத விடப் பயிற்சியே கெடையாது. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சுப் பழகலாம்ல?"

"எடுங்க அத."

"ஏன் அக்கா?"

"எடுங்கன்னு சொல்றேன்ல! என் சாமான், யாரக் கேட்டு எடுத்தீங்க?"

கணவர் தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. ஆள்காட்டி விரல் விசைகளின்மேல் அலைந்தது. ஒரு வரிசை. இன்னொரு வரிசை. நின்றது.

தொப்.

தொண்டைக் குழியில், வெளியிலிருந்து இல்லை, தோலுக்கு உள்ளே, சூடான ஆணி ஒன்று இறங்கியது. அவள் கையிலிருந்த பை விழுந்தது. கத்த வாயைத் திறந்தாள்.

தொப். காற்றுதான் வந்தது.

"சபாஷ் அண்ணே!" பிசியோ கைதட்டினார்.

அவள் மேசையை நோக்கிப் பாய்ந்தாள். பிசியோ குறுக்கே வந்து அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். மென்மையாகத்தான் பிடித்தார். உதறினாள். வரவில்லை. நோயாளிகளைத் தூக்கி இறக்கும் கை.

"அக்கா, அக்கா, கெடுத்துடாதீங்க. உங்க சாமானுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு. எத்தன மாசத்துக்கு அப்புறம் அந்த மனுஷன் ஒரு வேலையத் தானா செய்யறாரு! ஒரு பக்கம் அடிக்கட்டும். ஒரே ஒரு பக்கம்."

சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. சொன்னால்தான் என்ன சொல்வாள்? அந்த இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று?

அவர் கை விசைகளை விட்டு நகர்ந்தது. பக்கவாட்டுத் திருகுக்குப் போனது. முன்னால் அல்ல. பின்னால்.

கிளிக்.

விரல் திரும்பி வந்தது. தேடியது.

தொப். கீழுதடு கிழிந்தது. வாயில் இரத்தச் சுவை.

"பாத்தீங்களா அக்கா, திருகக்கூடத் தெரியுது!"

கிளிக். தேடல். தொப். கன்னத்து எலும்பில். பிசியோவுக்கு அவள் முகம் தெரியவில்லை. அவர் தன் நோயாளியையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. உருளை வியர்த்துப் பளபளத்தது.

கிளிக்.

அவளுக்குத் தெரியும். எந்த வரி எங்கே விழும் என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. கண்களை இறுக மூடினாள். மூடி ஒன்றும் ஆகப்போவதில்லை. திறந்தாள். அவர் கேரேஜை ஓர் இடம் நகர்த்தினார், இன்னும் ஓர் இடம், சரியாக இருக்கிறதா என்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். விரலை எடுத்தார். விசைகளுக்கு மேலே, நிதானமாக, அவருக்குப் பிடித்த எழுத்தைத் தேடி அது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா, அண்ணே," என்றார் பிசியோ.